ஒட்டினால் 16 எழுத்தோடு நிற்கும் சீரியல் போர்ட்: ஃபைஃபோவைப் பெரிதாக்கியது சரியா?

சில்லுவேலை:

வணக்கம். நாங்கள் நான்கு பேர் ஒரு சிறிய கண்ட்ரோலர் போர்டுக்கு மென்பொருள் எழுதுகிறோம். கையில் இருப்பது இரண்டே போர்டு. ஒன்று எப்போதும் டெஸ்ட் மேசையிலேயே இருக்கும், மற்றதற்கு வரிசையில் நிற்க வேண்டும். அதனால் வன்பொருளைக் கணினிக்குள்ளேயே போலச் செய்யும் கியூஎமுவில் அந்த போர்டுக்கு ஒரு மாதிரி எழுதத் தொடங்கினேன். ஆர்ம் கோர் அதில் ஏற்கனவே இருக்கிறது. நான் எழுதியது டைமரும் சீரியல் போர்ட்டை இயக்கும் யூஆர்ட்டும் இன்டரப்ட் இணைப்புகளும். யூபூட் என்ற பூட்லோடர் வருகிறது, லினக்ஸ் கர்னலும் வருகிறது. முதல் தடவை பூட் ஆனபோது இரவு ஒரு மணி. அடுத்த நாள் நான்கு பேருமே அதில் வேலை செய்தோம்.

இப்போது பிரச்சினை. யூபூட் ப்ராம்ப்டில் கையால் தட்டினால் எல்லாம் சரி. ஒரு வரியை ஒட்டினால் (பேஸ்ட் செய்தால்) நடுவில் நின்றுவிடுகிறது. நான் ஒட்டுவது எப்போதும் ஒரே வரிதான்: செட்என்வ், பூட்ஆர்க்ஸ், அப்புறம் கன்சோல், ரூட் என்று ராம்டிஸ்க் வரை, இடைவெளியோடு மொத்தம் 44 எழுத்து. பூட்ஆர்க்ஸுக்குப் பின் வரும் இடைவெளியோடு நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், சரியாக 16. (ஒன்றிரண்டு தடவை கொஞ்சம் கூட வந்தது.)

என்டர் தட்டினால் அந்த வரி ஓடவில்லை. அதற்குப் பதில் இன்னும் 16 எழுத்து வருகிறது, ரூட் என்ற சொல்லின் பாதி வரை. இரண்டாவது என்டருக்கு மிச்சம் 12 எழுத்தும் வந்து வரி ஓடுகிறது.

என் யூஆர்ட்டின் ரிசீவ் ஃபைஃபோ (வந்த எழுத்துகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) அளவு 16. சிப் கையேட்டிலும் 16தான். அதை 256 ஆக்கினேன், பிரச்சினை போய்விட்டது. இதைப் பேட்சாக எங்கள் கிளையில் போட்டுவிட்டேன். பிறகு முழு போர்டையும் கியூஎமு திட்டத்துக்கே அனுப்பலாம் என்று ஆசை.

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, பேட்ச் போடுவதற்கு முன்பே, நோகிராஃபிக் (ஜன்னல் இல்லாமல் டெர்மினலிலேயே ஓட்டும் தேர்வு) இல்லாமல் ஜன்னலோடு திறந்து சீரியலை மட்டும் எஸ்டிடிஐஓவுக்கு, அதாவது டெர்மினலுக்கு, விட்டால் ஒட்டுவது பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஏன் என்று புரியவில்லை. இரண்டு, பேட்சுக்குப் பிறகு உடன் வேலை செய்பவர் போன வாரம் சேமித்த ஸ்னாப்ஷாட் (ஓடும் இயந்திரத்தின் நிலைப்பதிவு) திறக்க மறுக்கிறது. செக்ஷன் ஃபுட்டர் காணவில்லை என்று பிழை. இவற்றுக்குள் தொடர்பு உண்டா?

குறியீட்டைப் பற்றி: கேன்-ரிசீவ் ஃபங்ஷன் ஃபைஃபோவில் மிச்சம் எத்தனை இடம் என்று திருப்புகிறது. ரிசீவ் ஃபங்ஷனில் எல்லைச் சோதனை இல்லை, கேன்-ரிசீவ்தான் பார்த்துக்கொள்கிறதே.

இரவுக்கம்பைல்:

டெர்மினலில் எழுத்துக்கு எழுத்து சில மில்லிசெகண்ட் இடைவெளி விட்டு ஒட்டிப் பாருங்கள். மினிகாமில் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. அப்படிச் செய்தால் 16 இருந்தாலே வந்துவிடும் என்று நினைக்கிறேன். உண்மையான போர்டில் பாட் வேகம் என்று ஒன்று இருப்பதால் எழுத்துகள் மெதுவாகத்தான் வரும். கியூஎமுவில் எல்லாம் ஒரே நொடியில் கொட்டும். அதனால் 256 வைப்பதில் பெரிய தவறு இல்லை என்பது என் எண்ணம்.

பழந்தறி:

இரவுக்கம்பைல் சொன்ன சோதனை நல்ல சோதனை, செய்து பாருங்கள். ஆனால் 256 வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பார்த்த மூன்று அறிகுறியும் சேர்ந்தால்தான் படம் முழுதாகத் தெரியும்.

முதலில் அந்த என்டர் விஷயம். ஃபைஃபோ நிரம்பியதால் எழுத்து தொலைந்தது என்றால், தொலைந்தது தொலைந்ததுதான், என்டர் தட்டினால் திரும்பி வராது. உங்களுக்கு ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை. எல்லாம் எங்கோ காத்திருக்கின்றன, ஒரு விசை தட்டினால் அடுத்த 16 வருகின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "இடம் காலியான செய்தி காத்திருப்பவருக்கு ஏன் போகவில்லை?" என்பதுதான்.

காத்திருப்பவர் யார்? நோகிராஃபிக் என்று கொடுத்தால் கியூஎமு உங்கள் டெர்மினலில் சீரியலையும் மானிட்டரையும் (கியூஎமுவுக்கே கட்டளையிடும் இடம்) சேர்த்து ஒரு மக்ஸ் (ஒரே டெர்மினலை இரண்டுக்கும் பகிரும் இணைப்பு) வைக்கிறது. கன்ட்ரோல் ஏ, சி தட்டினால் மானிட்டருக்குப் போவீர்களே, அது இந்த மக்ஸின் வேலைதான். அந்த மக்ஸிடம் 32 எழுத்து கொள்ளும் ஒரு பஃபர் இருக்கிறது. நீங்கள் 44 எழுத்தை ஒட்டும்போது முதல் 16 உங்கள் ஃபைஃபோவுக்குப் போகும். அதற்குள் யூபூட் எடுத்துப் படிக்காவிட்டால் கேன்-ரிசீவ் பூஜ்யம் சொல்லும், மிச்சம் 28 மக்ஸின் பஃபரில் உட்காரும். பிறகு யூபூட் அந்த 16ஐயும் படித்து முடிக்கிறது. இடம் காலி. ஆனால் மக்ஸ் தானாக வந்து எட்டிப் பார்க்காது. அதன் பஃபர் காலியாக இரண்டே வழி: டெர்மினலிலிருந்து புதிதாக ஓர் எழுத்து வர வேண்டும், அல்லது யூஆர்ட் மாதிரி "இடம் இருக்கிறது, அனுப்பு" என்று சொல்ல வேண்டும். முதல் வழிதான் உங்கள் என்டர். இரண்டாவது வழிக்கான ஃபங்ஷன் அக்செப்ட்-இன்புட் என்று முடியும் பெயருடையது, கேரக்டர் முன்முனை ஃபங்ஷன்களோடு இருக்கும். டேட்டா ரெஜிஸ்டரைக் கெஸ்ட் (கியூஎமுவுக்குள் ஓடும் மென்பொருள்) படிக்கும் இடத்தில் அதை அழைத்திருக்கிறீர்களா? இல்லை என்று பந்தயம் கட்டுவேன்.

கியூஎமு மூலத்தில் பிஎல்011 என்ற ஆர்ம் யூஆர்ட்டின் கோப்பைத் திறந்து பாருங்கள். அதன் ஃபைஃபோவும் 16தான், அதிலும் டேட்டா ரெஜிஸ்டரைப் படித்த உடனே இந்த அழைப்பு வரும். பிசியின் 16550 யூஆர்ட் மாதிரியிலும் இருக்கிறது, அங்கே கூடுதலாக லூப்பேக் (அனுப்புவதைத் தனக்கே திருப்பும்) நிலையில் இல்லாவிட்டால் மட்டும் அழை என்று ஒரு நிபந்தனை. எனவே உங்கள் பேட்ச் ஒரே வரி. 16 பதினாறாகவே இருக்கட்டும்.

இனி ஜன்னலோடு திறந்தால் ஏன் சரியாக வந்தது என்பது. அங்கே மக்ஸ் இல்லை. கியூஎமுவின் மெயின் லூப் ஒவ்வொரு சுற்றிலும் "இப்போது வாங்குவாயா?" என்று உங்கள் கேன்-ரிசீவைத் தானே கேட்கும். அப்படியானால் அக்செப்ட்-இன்புட் எதற்கு? மெயின் லூப் வேலை இல்லாதபோது தூங்கிக்கொண்டிருக்கும், அதைத் தட்டி எழுப்பத்தான். ஜன்னல் திறந்திருந்தால் திரையைப் புதுப்பிக்கும் டைமர் சில பத்து மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அதை எப்படியும் எழுப்பிவிடும். அதனால் உங்கள் பக் அங்கே இருந்தும் தெரியவில்லை. வேறொரு டைமர் தயவில் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்னாப்ஷாட்டுக்கு வருவோம். எதையெல்லாம் சேமிப்பது என்று சொல்லும் உங்கள் விஎம்ஸ்டேட் விவரணையில் ஃபைஃபோவை நிலையான அளவுள்ள அரேயாக எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் சேமிக்கும் கோப்பில் அரேயின் நீளம் எழுதப்படாது, உள்ளடக்கம் மட்டும் வரிசையாகப் போகும். நீளம் இரண்டு பக்கமும் ஒன்றே என்று நம்பித்தான் திரும்பப் படிக்கும். பழைய கோப்பில் 16 இருக்க, புதிய நிரல் 256 படித்தால், அடுத்த சாதனத்தின் பைட்டுகளையெல்லாம் உங்கள் ஃபைஃபோவுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு, பிரிவு முடிகிற அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எதையோ பார்க்கும். செக்ஷன் ஃபுட்டர் பிழை அதுதான். உங்களுக்கு ஒரு ஸ்னாப்ஷாட்டோடு போயிற்று. வெளியான ஒரு சாதனத்தில் இப்படி மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு நகர்த்துபவர்கள் எல்லோருக்கும் உடையும். 16க்குத் திரும்பினால் பழைய ஸ்னாப்ஷாட் திறந்துவிடும். புதிய அளவில் யாராவது சேமித்திருந்தால் அதுதான் திறக்காது, இன்றே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்று. ரிசீவில் எல்லைச் சோதனை இல்லை என்றீர்கள். உங்கள் சிப்பில் லூப்பேக் பிட் உண்டா? பெரும்பாலான யூஆர்ட்டில் உண்டு. உங்கள் மாதிரியில் லூப்பேக்கை எழுதியிருந்தால், கெஸ்ட் டிரான்ஸ்மிட் ரெஜிஸ்டரில் எழுதுவது நேராக ரிசீவ் ஃபைஃபோவுக்குள் போகும். அந்த வழியில் கேன்-ரிசீவை யாரும் கேட்பதில்லை. கெஸ்ட் 17 தடவை எழுதினால் 17வது எழுத்து எங்கே போகும்? ஃபைஃபோவுக்கு அடுத்து உங்கள் ஸ்ட்ரக்டில் எது இருக்கிறதோ அதன்மேல்.

2015 மே மாதம் வெளிவந்த வெனம் என்ற கியூஎமு பாதுகாப்பு ஓட்டை இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஃப்ளாப்பி கண்ட்ரோலரின் 512 பைட் பஃபரில், சில கட்டளைகளுக்குப் பிறகு எண்ணிக்கை திரும்பப் பூஜ்யமாகாமல் ஏறிக்கொண்டே போனது. கெஸ்ட் எழுத எழுத பஃபரைத் தாண்டி ஹோஸ்ட்டின் நினைவகம். 2004 முதல் 11 ஆண்டு அந்த நிரல் அப்படியே இருந்தது. அதைச் சரிசெய்த பேட்சின் சாரம் மிக எளியது: இடத்தை 512 ஆல் வகுத்து மீதியை மட்டும் பயன்படுத்து. அந்த ஒரு வரியை நான் பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கெஸ்ட் எந்த ரெஜிஸ்டரில் எந்த வரிசையில் எதை எழுதினாலும் என் அரே தாங்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். ஃபைஃபோவில் தள்ளும் வேலையை ஒரே ஃபங்ஷனில் வையுங்கள், நிரம்பியிருந்தால் ஓவர்ரன் (இடம் போதவில்லை என்னும்) பிட்டை ஏற்றிவிட்டுத் திரும்பட்டும். அசர்ட் (தவறினால் நிரலையே நிறுத்தும் சோதனை) போடாதீர்கள், கெஸ்ட் நினைத்தால் கியூஎமுவையே சாய்க்க அது வழியாகிவிடும். ஸ்னாப்ஷாட்டிலிருந்து வரும் எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம், ஏற்றி முடித்ததும் ஓடும் போஸ்ட்-லோடில் 16க்கு மேல் இருந்தால் மறுத்துவிடுங்கள்.

எனக்கு இது நடந்ததால்தான் இவ்வளவு எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்டு கண்ட்ரோலர் மாதிரி எழுதினேன். பத்துக்கு ஒரு தடவை பூட் நடுவில் தொங்கும். 100 மில்லிசெகண்ட் தாமதம் சேர்த்தேன், தொங்குவது நின்றது. பேட்சைப் பார்த்தவர் ஒரே கேள்வி கேட்டார்: இந்த 100 எங்கிருந்து வந்தது? பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்: இன்டரப்ட் மாஸ்க் ரெஜிஸ்டரில் கெஸ்ட் எழுதும்போது இன்டரப்ட் கோட்டின் நிலையை நான் திரும்பக் கணக்கிடவே இல்லை. நிலை மாறும்போது கணக்கிட்டேன், மாஸ்க் மாறும்போது விட்டுவிட்டேன். உங்கள் யூஆர்ட்டிலும் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தென்றல்64:

பழந்தறி சொன்னதற்குமேல் பக் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. திட்டத்துக்கு அனுப்பும் ஆசை இருப்பதால் அந்தப் பக்கம் மட்டும்.

பேட்ச் மின்னஞ்சலில்தான் போக வேண்டும், கிட் சென்ட்-ஈமெயில் பழகிக்கொள்ளுங்கள். பக் புகார்கள் 2021 முதல் கிட்லேபில் இருக்கின்றன, அதைப் பார்த்துவிட்டுப் பலர் அங்கேயே மெர்ஜ் ரிக்வெஸ்ட் போட்டுக் காத்திருக்கிறார்கள். அங்கே வாங்க மாட்டார்கள். யாருக்கு அனுப்புவது என்று கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். அனுப்பும் முன் செக்பேட்ச் ஓட்டுங்கள். டேப் கூடாது, நான்கு இடைவெளி. ஒரே வரி இஃப்புக்கும் நெளிவு அடைப்பு வேண்டும், இதில்தான் கர்னல் பழக்கத்தில் வருபவர்கள் எல்லோரும் இடறுவார்கள்.

ஒவ்வொரு பேட்சிலும் உங்கள் சைன்ட்-ஆஃப்-பை வரி கட்டாயம். இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் கையெழுத்திடுவது அது. வேலை நேரத்தில் எழுதியது என்றால் நிறுவனத்தின் சம்மதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். இன்னொன்று, செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிய நிரலை ஏற்பதில்லை என்று 2025-இல் விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். காரணமும் இந்தக் கையெழுத்துதான்: அப்படி வந்த நிரல் யாருக்குச் சொந்தம் என்று தெளிவில்லாதபோது எப்படிக் கையெழுத்திடுவது? எடிட்டரில் அப்படி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கிளைக்கு மட்டுமாவது நிறுத்தி வையுங்கள்.

டைமர், யூஆர்ட், போர்டு மூன்றையும் ஒரே பேட்சாக அனுப்பாதீர்கள். தனித்தனியாக, ஒவ்வொன்றும் தனியே கம்பைல் ஆகும்படி. ஆண்டுக்கு மூன்று வெளியீடு, ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். அதற்கு முந்தைய சில வாரம் ஃப்ரீஸ், அப்போது புது போர்டு எதுவும் உள்ளே போகாது. பதில் வராவிட்டால் ஓரிரு வாரம் பொறுத்து ஒரு பிங் அனுப்பலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. திருத்திய பதிப்பை வி2 என்று புதிய இழையாக அனுப்புங்கள், பழைய மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தொங்கவிட்டால் அடியில் போய்விடும்.

கமிட் செய்தியில் நேரம் செலவிடுங்கள். பெல்லார்ட் 2003-இல் தொடங்கிய கியூஎமு மூலத்தில் இன்றும் அந்தக் காலத்து வரிகள் இருக்கின்றன. எந்த வரி எந்த கமிட்டில் வந்தது என்று கிட் பிளேம் போட்டுப் பார்க்கும்போது காரணம் எழுதிய கமிட் கிடைத்தால் எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்கே தெரியும்.

சில்லுவேலை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை உட்கார்ந்து எல்லாம் செய்து பார்த்தேன்.

இரவுக்கம்பைல் சொன்ன இடைவெளி விட்டு ஒட்டும் சோதனையில் 16 அளவிலேயே 44 எழுத்தும் வந்தது. அப்புறம் அக்செப்ட்-இன்புட். பழந்தறி சொன்னது சரி, என் நிரலில் எங்குமே இல்லை. சேர்த்ததும் சாதாரணமாக ஒட்டினாலும் வருகிறது. 900 எழுத்துள்ள ஒரு கோப்பை ஒட்டியும் பார்த்தேன். 256 பேட்சை எடுத்துவிட்டேன், பழைய ஸ்னாப்ஷாட் திறந்தது.

லூப்பேக் பற்றி. என் மாதிரியில் அது இருக்கிறது, சரியாக நீங்கள் சொன்ன வழியில்தான் எழுதியிருந்தேன். யூபூட்டிலிருந்தே லூப்பேக் பிட்டை ஏற்றி டேட்டா ரெஜிஸ்டரில் 20 தடவை எழுதினேன். என் ஸ்ட்ரக்டில் ஃபைஃபோவுக்கு அடுத்து இருப்பது படிக்கும் இடத்தின் எண். அது குப்பையாகி, அடுத்த படிப்பில் கியூஎமு செக்மென்டேஷன் ஃபால்ட்டோடு விழுந்தது. பார்த்ததும் வயிறு கலங்கியது. இப்போது ஒரே தள்ளும் ஃபங்ஷன், எல்லைச் சோதனையோடு.

டெஸ்டும் எழுதினேன், கியூஎமுவின் சோதனைக் கருவியான க்யூடெஸ்ட்டில். முதலில் சாதாரண சாக்கெட்டில் 40 பைட் அனுப்பி, டேட்டா ரெஜிஸ்டரை 40 தடவை படித்தேன். திருத்தத்தை எடுத்துவிட்டும் டெஸ்ட் கடந்துவிட்டது! ஒரு மணி நேரம் குழம்பிப் பிறகு புரிந்தது: க்யூடெஸ்ட்டின் ஒவ்வொரு கட்டளையும் மெயின் லூப் வழியாகத்தான் வருகிறது, அதுவே லூப்பை எழுப்பிவிடுகிறது. உங்கள் ஜன்னல் டைமர் கதைதான். சாக்கெட்டுக்கு மக்ஸ் ஆன் என்று கொடுத்தேன். இப்போது திருத்தம் இல்லாமல் 16 பைட்டோடு நிற்கிறது, திருத்தத்தோடு 40ம் வருகிறது. 16 ஃபைஃபோவில், 24 மக்ஸ் பஃபரில், அது 32க்குள் அடங்குகிறது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். யூபூட் நொடிகளை எண்ணத் தொடங்கும் முன்பே ஆட்டோபூட்டை நிறுத்த ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அது ஏறுவதே இல்லை, எண்ணும்போது இன்னொரு தடவை தட்டினால்தான் நிற்கிறது. இதை இத்தனை நாள் போர்டின் குணம் என்றே நினைத்தேன். என் கேன்-ரிசீவ், ரிசீவர் எனேபிள் பிட் இறங்கியிருந்தால் பூஜ்யம் திருப்பும். இதுவும் அதே குடும்பமா?

பழந்தறி:

அதே குடும்பம்தான். ரிசீவர் அணைந்திருக்கும்போது தட்டிய ஸ்பேஸ் மக்ஸ் பஃபரில் உட்கார்ந்திருக்கிறது. யூபூட் எனேபிள் பிட்டை ஏற்றும்போது கேன்-ரிசீவின் விடை பூஜ்யத்திலிருந்து 16 ஆகிறது, ஆனால் அதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் எழுதும் இடத்திலும், ஃபைஃபோவைக் காலி செய்யும் பிட் இருந்தால் அங்கும் அக்செப்ட்-இன்புட் வேண்டும். கேன்-ரிசீவின் விடையை மாற்றக்கூடிய இடங்களை ஒரு தாளில் எழுதிவைத்து ஒவ்வொன்றாக அடியுங்கள், அவ்வளவுதான்.

உண்மையான போர்டில் ரிசீவர் அணைந்திருக்கும்போது வந்த எழுத்து தொலைந்துதான் போகும், அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பல யூஆர்ட் மாதிரிகள் அதைப் பிடித்துவைத்துப் பிறகு தருகின்றன, ரிவ்யூவில் யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் டெஸ்ட் திருத்தம் இல்லாமலும் கடந்ததைக் கவனித்து அதோடு நிற்காமல் மக்ஸ் வரை போனீர்களே, அதை கமிட் செய்தியில் இரண்டு வரியாக எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளை யாராவது "இந்த மக்ஸ் எதற்கு?" என்று எடுத்துவிடுவார்கள். வரிசையில் திருத்தம் முதலில், டெஸ்ட் அடுத்த பேட்சில். மாற்றி வைத்தால் பைசெக்ட் செய்பவர் (பக் நுழைந்த கமிட்டைத் தேடுபவர்) நடுவில் தோற்கும் ஒரு கமிட்டில் வந்து நிற்பார். அனுப்பியதும் இங்கே சொல்லுங்கள், யூஆர்ட் பேட்சை நான் படித்துப் பார்க்கிறேன்.